அடுத்த கட்டடத்து போர்ட்டின் நகல்



இந்த அரங்கில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள், மீதிப் பேர் ரேக்கும் கேபிளுமாகக் காலம் தள்ளுகிறவர்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் பயன்படட்டும் என்று ரிமோட் போர்ட் மிரரிங்கைப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரு கட்டடத்தில் இருக்கும் ஸ்விட்ச்சின் ஒரு போர்ட்டில் போய்வரும் தரவை எல்லாம் நகலெடுத்து, வேறொரு கட்டடத்தில் நாம் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு வரவழைக்கிற ஏற்பாடு இது. சிஸ்கோ ஸ்விட்ச்களில் இதற்கு ஆர்ஸ்பான் என்று பெயர். கட்டளை ஏழெட்டு வரி வரும். அடிக்கத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. வந்துசேரும் நகலை எந்த அளவுக்கு நம்பலாம், நகலெடுக்கும் அதிகாரத்தை யார் கணக்கில் எழுதி வைப்பது ஆகிய இரண்டும் ஐந்து நிமிடத்தில் முடியாதவை. நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவது அவற்றுக்குத்தான்.

நகலெடுக்கிற தேவை எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டைத் தொடங்கியபோது, எல்லாக் கணினிகளும் ஒரே கோஆக்சியல் கேபிளில் தொங்கின. ஒரு கணினி பேசினால் தண்டோரா போட்ட மாதிரி எல்லாவற்றுக்கும் கேட்கும். தன் முகவரிக்கு வந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது ஒவ்வொரு கணினியின் நல்லொழுக்கம். நெட்வொர்க் கார்டை 'புரொமிஸ்கியுவஸ் மோடு'க்கு மாற்றிவிட்டால் அந்த ஒழுக்கமும் போய்விடும். ஊர்ப்பேச்சு முழுவதும் காதில் விழும். பிறகு வந்த ஹப்பும் அப்படித்தான்: ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டிலும் திருப்பிச் சொல்லும்.

நெட்வொர்க்கில் ஒட்டுக்கேட்பதன் இலக்கணத்தை எழுதியது, தற்செயலாகவோ என்னவோ, கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். 1986-இல் அங்கே வேலை பார்த்த கிளிஃப் ஸ்டால் என்ற வானியலாளர், கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைப்பதைத் துரத்தப் போய், வெளியாள் ஒருவர் உள்ளே நுழைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஆள் கணினியின் உச்ச அதிகாரத்தையே பிடித்து வைத்திருந்தார். கணினிக்குள் ஒரு கண்காணிப்பு நிரலை ஓடவிட்டால் அவர் கண்ணில் பட்டுவிடும். ஆகவே ஸ்டால் கணினியைத் தொடவில்லை. அதற்குள் வருகிற தொலைபேசி இணைப்புக் கம்பிகளில், வெளியே, பிரிண்டர்களையும் டெலிடைப்களையும் இரவல் வாங்கி மாட்டினார். நுழைந்தவர் அடித்த ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்கஸ் ஹெஸ் என்பவர் வரை அந்தக் காகிதம் கொண்டுபோய் விட்டது. கவனிக்கப்படும் இயந்திரத்துக்கு வெளியே நின்று கவனி என்ற அந்தப் பாடத்தைத்தான் இன்றைக்கும் மிரரிங் என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறோம். 1988-இல் பாக்கெட் பிடிக்கும் கருவியான டிசிபிடம்ப் பிறந்ததும் அதே ஆய்வகத்தில்தான். வேர்ன் பாக்ஸன் 1995-இல் அங்கே தொடங்கிய 'ப்ரோ' என்ற கண்காணிப்பு நிரலைத்தான் இப்போது 'ஜீக்' என்ற பெயரில் பாதுகாப்புக் குழுக்கள் ஓட்டுகின்றன.

ஒரே கேபிளில் எல்லாம் எல்லோருக்கும் கேட்கிற வசதிக்கு முற்றுப்புள்ளி வைத்தது ஸ்விட்ச். 1990-ஐ ஒட்டி கல்பனா என்ற சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட ஈதர்ஸ்விட்ச்சைக் கொண்டுவந்தது. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் நிறுவனத்துக்குத் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது. ஸ்விட்ச் எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு அந்தப் போர்ட்டுக்கு மட்டும் ஃபிரேமை அனுப்பும். வேகத்துக்காகச் செய்த வேலை. கூடவே ரகசியமும் வந்து சேர்ந்தது. பக்கத்துக் கணினி பேசுவது இனி யாருக்கும் கேட்காது, பழுது பார்க்க வந்த பொறியாளருக்கும் கேட்காது. அதனால் ஸ்விட்ச் செய்தவர்களே பின்கதவு ஒன்றும் வைத்தார்கள்: குறிப்பிட்ட போர்ட்டின் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பு என்ற கட்டளை. சிஸ்கோ அதை ஸ்பான் என்றது, 3காம் ரோவிங் அனாலிசிஸ் போர்ட் என்றது, மற்றவர்கள் பொதுவாக மிரரிங் என்றார்கள். ஹப் காலத்தில் எல்லோருக்கும் இருந்த காது, ஸ்விட்ச் காலத்தில் பாஸ்வேர்ட் வைத்திருப்பவருக்கு மட்டும் என்றாகிவிட்டது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாதாரண ஸ்பானில் மூலமும் இலக்கும் ஒரே ஸ்விட்ச்சில் இருக்க வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த ரேக் இருக்கும் அறைக்குப் போய், ஏசி குளிரில் தரையில் உட்கார்ந்து, சிக்கல் வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் போய்ச் சேருவதற்குள் சிக்கல் சரியாகியிருக்கும். திரும்பி வந்ததும் மறுபடி போன் அடிக்கும். ஆர்ஸ்பான் அந்த நடையை மிச்சப்படுத்துகிறது. நகலை ஒரு தனி வீலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த மெய்நிகர் நெட்வொர்க்கில்) ஏற்றி, ஏற்கெனவே கட்டடங்களுக்கு இடையே பல வீலான்களைச் சுமந்து ஓடும் டிரங்க் இணைப்புகள் வழியாகவே அனுப்பிவிடுகிறது.

இனி செய்முறை. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3560, 3750 வகையை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். நம் ஊர்க் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இவை இன்னும் ஓடுகின்றன. பழைய 2950, 3550 கையில் இருந்தால் 'ரிஃப்ளெக்டர் போர்ட்' என்று ஒரு போர்ட்டைக் கூடுதலாகப் பலிகொடுக்க வேண்டும். புதியவற்றுக்கு அது வேண்டாம்.

முதல் வேலை, ஒரு வீலானை இதற்கென்றே ஒதுக்குவது. 901 என்று வைத்துக்கொள்வோம். 1-ஐ எடுக்க முடியாது. 1002 முதல் 1005 வரை டோக்கன் ரிங், எஃப்டிடிஐ காலத்து ஒதுக்கீடு, அவையும் ஆகாது. 'வீலான் 901' என்று அடித்து உள்ளே போய் 'ரிமோட்-ஸ்பான்' என்று ஒரு சொல். அதற்குப் பிறகு இந்த வீலானில் எந்தக் கணினியையும் மாட்டக் கூடாது. இது நகலுக்கு மட்டுமே.

அந்த ஒரு சொல் என்ன செய்கிறது என்பதைப் பலர் கேட்பதில்லை. அது அந்த வீலானில் முகவரி கற்பதை நிறுத்திவிடுகிறது. ஏன் நிறுத்த வேண்டும்? நகல் வருகிற வழியை யோசித்துப் பாருங்கள். சர்வர் பயனருக்கு அனுப்பிய ஃபிரேமின் நகல், பயனர் சர்வருக்கு அனுப்பிய ஃபிரேமின் நகல் இரண்டுமே இடையில் இருக்கும் ஸ்விட்ச்சுக்கு ஒரே டிரங்க் வழியாகத்தான் வருகின்றன. வழக்கம்போல் கற்றுக்கொண்டால், சர்வரின் முகவரி, பயனரின் முகவரி இரண்டுமே அந்தப் பக்கம்தான் இருக்கின்றன என்று எழுதிக்கொள்ளும். அடுத்த நகல் வந்ததும், சேர வேண்டியவர் வந்த வழியிலேயே இருக்கிறார், மேலே அனுப்பத் தேவையில்லை என்று முடிவுகட்டித் தூக்கிப் போட்டுவிடும். கற்பதை நிறுத்தினால், எங்கே அனுப்புவது என்று தெரியாமல் 901-ஐச் சுமக்கும் எல்லா டிரங்கிலும் பரப்பும். நமக்கு வேண்டியதும் அதுதான். இடையில் ரிமோட்-ஸ்பான் என்ற சொல்லே தெரியாத வேறு நிறுவனத்து ஸ்விட்ச் ஒன்று இருந்தால், முதல் சில ஃபிரேம் வந்து பிறகு நகல் நின்றுபோவதற்குக் காரணம் இதுவே. அந்த ஸ்விட்ச்சில் அந்த வீலானுக்கு மட்டும் முகவரி கற்பதை நிறுத்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே இந்த வீலான், வழியில் உள்ள எல்லா ஸ்விட்ச்சிலும் ரிமோட்-ஸ்பான் என்ற அடையாளத்தோடு இருக்க வேண்டும். வீலான் விவரத்தை ஸ்விட்ச்களுக்கிடையே பரப்பும் விடிபி ஓடினால் 1005-க்குக் கீழ் உள்ள எண்களுக்கு அடையாளம் தானாகப் பரவும். ஓடாவிட்டால் ஒவ்வொன்றிலும் கையால் அடிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வேலை டிரங்க். அனுமதிக்கப்பட்ட வீலான் பட்டியல் இருக்கிற டிரங்க் என்றால் அதில் 901-ஐச் சேர்க்க வேண்டும். 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலான் ஆட் 901'. அந்த 'ஆட்' இருக்கிறதே, அதை விட்டுவிட்டு அடித்தால் ஸ்விட்ச் ஒரு கேள்வியும் கேட்காது. பட்டியலில் இருந்த மற்ற எல்லா வீலானையும் அழித்துவிட்டு 901-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். எதிர்க் கட்டடம் முழுவதும் இருட்டாகிவிடும்; அங்கே உள்ள ஸ்விட்ச்சுக்கு நீங்கள் போட்டிருந்த ரிமோட் இணைப்பும் சேர்ந்து அறுந்துபோகும். பின்வரிசையில் சிரிக்கிறவர்களைப் பார்த்தாலே தெரிகிறது, இந்தத் தொழிலில் இப்படி நடக்காத அலுவலகமே கிடையாது. டிரங்க்கில் கை வைப்பதற்கு முன், இருக்கிற கான்ஃபிக்கைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' என்று அடித்து வையுங்கள். இணைப்பு அறுந்தாலும் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் பழைய கான்ஃபிக்கோடு எழுந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்'. இந்த இரண்டாவதை மறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நகல் போகத் தேவையில்லாத டிரங்குகளிலிருந்து 901-ஐ நீக்குவதும் இதே வேலையின் பகுதி. பரப்புகிற வீலான் என்று சொன்னேன் அல்லவா? வழிவிட்டால் விடுதிக் கட்டடம், உணவகம், பாதுகாவலர் அறை என்று எல்லா இடத்துக்கும் நகல் போய் அங்குள்ள இணைப்பைத் தின்னும்.

மூன்றாவது, மூல ஸ்விட்ச். 'மானிட்டர் செஷன் 1 சோர்ஸ் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/5 போத்'. கடைசிச் சொல் திசை: உள்ளே வருவது மட்டும் என்றால் ஆர்எக்ஸ், வெளியே போவது மட்டும் என்றால் டிஎக்ஸ், இரண்டும் என்றால் போத். அடுத்த வரி, 'மானிட்டர் செஷன் 1 டெஸ்டினேஷன் ரிமோட் வீலான் 901'. நம் பக்கத்து ஸ்விட்ச்சில் இதையே தலைகீழாக: 'மானிட்டர் செஷன் 1 சோர்ஸ் ரிமோட் வீலான் 901', பிறகு 'டெஸ்டினேஷன் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/24'. செஷன் எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீலான் எண் ஒன்றாக இருந்தால் போதும்.

இலக்கு போர்ட்டில் லேப்டாப்பை மாட்டியதும் பலர் பதறுவார்கள். 'ஷோ இன்டர்ஃபேஸ்' பார்த்தால் போர்ட் அப், லைன் புரோட்டகால் டவுன் என்று இருக்கும். லேப்டாப்புக்கு ஐபி முகவரி கிடைக்காது, இணையம் வராது. அந்த வரியின் ஓரத்தில் அடைப்புக்குள் 'மானிட்டரிங்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போர்ட் தன் கடமையைத்தான் செய்கிறது. அது இப்போது கேட்பதற்கு மட்டுமான போர்ட். மின்னஞ்சல் பார்க்க வைஃபையைப் பயன்படுத்துங்கள். 'ஷோ மானிட்டர் செஷன்', 'ஷோ வீலான் ரிமோட்-ஸ்பான்' இரண்டையும் பார்த்துவிட்டு பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் வயர்ஷார்க்கைத் திறக்கலாம்.

திரையில் வரிகள் ஓடத் தொடங்கியதும் ஒரு மயக்கம் வரும்: அங்கே நடப்பதெல்லாம் இங்கே தெரிகிறது என்று. அது உண்மை இல்லை. ஸ்விட்ச்சின் முதல் வேலை ஃபிரேமைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது. நகல் எடுப்பது அதற்கு உபரி வேலை. நெரிசல் வந்தால் நகல் உதிரும்; உதிர்ந்ததைக் கேட்காதவரை அது உங்களிடம் சொல்லவும் சொல்லாது.

கணக்கு எளிது. ஒரு கிகாபிட் போர்ட் முழு டூப்ளெக்ஸில் உள்ளே ஒரு கிகாபிட், வெளியே ஒரு கிகாபிட் கொண்டுபோகலாம். 'போத்' என்று நகலெடுத்தால் இரண்டு கிகாபிட். அதைக் கொட்டுவது ஒரு கிகாபிட் இலக்கு போர்ட்டில். சராசரியாக நூறு மெகாபிட்தான் ஓடுகிறது, பயமில்லை என்பார்கள். சராசரி ஐந்து நிமிடத்துக்கு எடுத்த சராசரி. அதற்குள் சில மில்லிவினாடி மட்டும் முழு வேகத்தில் வந்துபோகும் வெள்ளம் அந்த எண்ணில் தெரியாது. ஆர்ஸ்பானில் இதைவிட மோசமான இன்னொன்று உண்டு: நகல் ஓடுவது நிஜப் போக்குவரத்து ஓடும் அதே டிரங்கில். கட்டடங்களுக்கு இடையே இருப்பது ஒரு கிகாபிட் ஃபைபர் என்றால், நீங்கள் வரவழைக்கும் நகல் அங்கே வேலை செய்பவர்களின் தரவோடு முட்டி மோதும். மெதுவாக இருக்கிறது என்ற புகாரைப் பார்க்க மிரரிங் போட்டு, அந்த மிரரிங்கே புகாரைப் பெரிதாக்குவது நடக்கக்கூடியது. ஒரு திசை போதுமென்றால் ஒரு திசையை மட்டும் எடுங்கள்.

நகலில் எது இருக்காது? கெட்டுப்போன ஃபிரேம்கள் இருக்காது. சிஆர்சி பிழையோடு வந்ததை ஸ்விட்ச் வாசலிலேயே எறிந்துவிடும், நகலுக்கு அது போவதில்லை. கேபிள் பழுது என்று சந்தேகம் இருந்தால் வயர்ஷார்க்கில் தேடாதீர்கள்; போர்ட்டின் பிழைக் கணக்கைப் பாருங்கள். ஸ்பானிங் ட்ரீயின் பிபிடியூ போன்ற ஸ்விட்ச்களுக்கிடையேயான பேச்சையும் இந்த வகைகளில் ஆர்ஸ்பான் கொண்டுவராது. மூல வீலான் எண்ணும் இருக்காது, ஏனென்றால் அந்த இடத்தில் 901 என்று எழுதித்தான் வண்டியில் ஏற்றினோம். இலக்கில் எல்லாம் டேக் இல்லாமல் வந்து விழும். பல வீலான்கள் ஓடும் டிரங்க் போர்ட்டை நகலெடுத்தால் எது எந்த வீலான் என்பதை ஐபி முகவரியை வைத்து நீங்களே ஊகிக்க வேண்டியிருக்கும்.

நகலில் அதிகப்படியாக இருப்பதும் உண்டு. உள்ளே வரும் திசையை நகலெடுக்கும்போது ஸ்விட்ச் தன் தணிக்கையை நடத்துவதற்கு முன்பே நகல் எடுத்துவிடுகிறது. அக்சஸ் லிஸ்ட் அந்த ஃபிரேமைத் தடுத்து எறிந்திருந்தாலும் அதன் நகல் உங்கள் திரையில் வரும். 'இதோ பாக்கெட் வந்திருக்கிறதே, அப்படியானால் ஃபயர்வால்தான் தடுக்கிறது' என்று அடுத்த துறையோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டுக்குப் பதில் ஒரு வீலான் முழுவதையும் இரு திசையிலும் நகலெடுத்தால், ஒரே பாக்கெட் ஒரு போர்ட்டில் நுழையும்போது ஒரு முறை, இன்னொன்றில் வெளியேறும்போது ஒரு முறை என்று இரண்டாக வரும். வயர்ஷார்க் அதை மறு-அனுப்பல் என்று நினைத்துத் திரையைக் கறுப்பாக்கிவிடும். நெட்வொர்க்கில் பாதி பாக்கெட் தொலைகிறது என்று அறிக்கை எழுதும் முன், 'எடிட்கேப்' கருவியில் இரட்டையை நீக்கும் வசதி இருக்கிறது, அதை ஓட்டிப் பாருங்கள்.

ஒரு பாக்கெட்கூட விடக் கூடாது, நேரம் மைக்ரோவினாடி சுத்தமாக வேண்டும் என்றால் மிரரிங் அதற்கு ஆகாது. கேபிளின் நடுவே 'டேப்' என்ற கருவியைப் போட வேண்டும். ஃபைபரில் அது வெறும் ஒளிப் பிரிப்பான், மின்சாரம்கூட வேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏடி அண்ட் டி கட்டடத்தின் 641ஏ அறைக்கு இணையப் போக்குவரத்தைப் பிரித்து அனுப்பியது அந்த வகைப் பிரிப்பான்தான் என்று அங்கே வேலை பார்த்த மார்க் கிளைன் 2006-இல் வெளியே சொன்னார்.

குறைகளை இவ்வளவு அடுக்கிவிட்டேன், பிறகு ஏன் பயன்படுத்துகிறோம்? ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். கணக்குப் பிரிவின் மென்பொருள் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் சிறிது நேரம் உறைந்து நிற்கிறது. நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று மென்பொருள் விற்றவர் சொல்கிறார். பிங் அடித்தால் ஒரு மில்லிவினாடிக்குள் பதில் வருகிறது என்று நெட்வொர்க் தரப்பு சொல்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பயனரின் கணினியில் வயர்ஷார்க் போட்டால் தெரிவது இவ்வளவுதான்: கேள்வி போகிறது, பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகை உடனே வருகிறது, பிறகு மௌனம், பிறகு பதில். சர்வர் ஏன் மௌனமாக இருந்தது என்பது பயனர் பக்கத்திலிருந்து தெரியாது. சர்வர் இருப்பது வளாகத்தின் மறுகோடியில். அதில் எந்த நிரலையும் நிறுவ விற்றவர் அனுமதிக்கமாட்டார். ஸ்டாலுக்கு வந்த அதே நிலைமை.

சர்வரின் போர்ட்டுக்கு ஆர்ஸ்பான் போட்டோம். திரையில் ஐந்தாறு வரிகள். பயனரின் கேள்வி வருகிறது. அரை மில்லிவினாடியில் சர்வரின் ஒப்புகை போகிறது. உடனே சர்வர் இன்னொரு முகவரிக்கு ஒரு டிஎன்எஸ் கேள்வி அனுப்புகிறது: இந்த ஐபி முகவரிக்கு உரிய பெயர் என்ன? பதில் இல்லை. சரியாக ஐந்து வினாடி கழித்து அதே கேள்வி வேறொரு முகவரிக்குப் போகிறது. இரண்டு மில்லிவினாடியில் பதில். அதற்கு அடுத்த வரியிலேயே பயனருக்கான பதிலும் கிளம்புகிறது.

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு அந்த 'சரியாக ஐந்து வினாடி' போதும். பெயர் தேடும் நிரல் ஒரு டிஎன்எஸ் சர்வருக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரம் ஐந்து வினாடி. நெரிசலால் வரும் தாமதம் ஒரு முறை மூன்று, ஒரு முறை ஏழு என்று அலையும். ஒவ்வொரு முறையும் ஐந்தில் வந்து நிற்கிறது என்றால் யாரோ கடிகாரம் வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று பொருள். சர்வரின் பட்டியலில் முதலாவதாக இருந்த டிஎன்எஸ் முகவரி, எப்போதோ கழற்றி ஓரம்கட்டிய ஓர் இயந்திரத்தினுடையது. அந்த வரியை நீக்கியதும் உறைதல் போய்விட்டது. இந்தத் தீர்ப்புக்கு மைக்ரோவினாடி சுத்தம் தேவைப்படவில்லை; ஒன்றிரண்டு பாக்கெட் உதிர்ந்திருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. உள்ளே இருந்த கணக்கு விவரங்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன, அவற்றைப் படிக்கவும் தேவைப்படவில்லை. எந்தக் கேள்விக்கு நகல் பதில் சொல்லும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதன் குறைகள் உறுத்தாது.

இதை ஒட்டி இளைஞர்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்வேன். டிசிபிடம்பில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் எத்தனை பைட் எடுக்க வேண்டும் என்று சொல்லலாம். ஆரம்ப காலத்தில் இயல்பான அளவே 68 பைட்தான். முகவரிகளும் தலைப்பும் அதில் அடங்கிவிடும். இப்போதைய பதிப்புகள் முழுப் பாக்கெட்டையும் எடுத்துக்கொள்கின்றன. பழுது பார்க்கத் தலைப்பு போதுமென்றால் தலைப்பை மட்டும் எடுங்கள். மற்றவர் எழுதியது உங்கள் லேப்டாப்பில் இல்லாதவரை அது அங்கிருந்து கசிய வழியில்லை.

இப்போது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். கேட்கும் அதிகாரம் பாஸ்வேர்ட் வைத்திருப்பவரிடம் வந்து சேர்ந்தது. அவரை யார் கேட்பது?

கிரீஸில் 2004, 2005-இல் நடந்ததைத் தொலைத்தொடர்புத் துறையில் இன்னும் பேசுகிறார்கள். வோடஃபோன் கிரீஸ் நிறுவனத்தில் எரிக்சன் ஏஎக்ஸ்இ தொலைபேசி ஸ்விட்ச்கள் ஓடின. நீதிமன்ற ஆணையின்படி ஒட்டுக்கேட்பதற்கான வசதி அந்த மென்பொருளில் இரண்டு பகுதியாக இருந்தது. ஒரு பகுதி அழைப்பின் குரலை நகலெடுத்து வேறோர் எண்ணுக்கு அனுப்பும். இன்னொரு பகுதி யார் யாரை, எந்த ஆணையின்படி கேட்கிறார்கள் என்று பதிந்து நிர்வகிக்கும். மென்பொருளைப் புதுப்பித்தபோது நகலெடுக்கும் பகுதி உள்ளே வந்துவிட்டது. பதிந்து நிர்வகிக்கும் பகுதியை நிறுவனம் வாங்கியிருக்கவில்லை. யாரோ ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து அந்த நகலெடுக்கும் பகுதியை இயக்கிவிட்டார்கள். பிரதமர் கோஸ்டாஸ் கரமான்லிஸ் உள்பட நூறு பேருக்கும் மேற்பட்டவர்களின் அழைப்புகள் சில ப்ரீபெய்டு எண்களுக்கு நகலாகப் போய்க்கொண்டிருந்தன. சேராமல் நின்ற சில குறுஞ்செய்திகளைப் பற்றிய புகாரைத் துருவப் போய்த்தான் விஷயம் வெளிப்பட்டது. மென்பொருளை அகற்றியதற்கு மறுநாள் அந்த நிறுவனத்தின் நெட்வொர்க் திட்டப் பொறியாளர் கோஸ்டாஸ் ட்சாலிகிடிஸ் தன் வீட்டில் இறந்து கிடந்தார். 2006-இல் நிறுவனத்துக்கு 7.6 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள்.

நம் கையில் இருக்கிற ஸ்விட்ச் அந்த அளவுக்குப் பெரியது இல்லை. அமைப்பு அதேதான்: நகலெடுக்கும் கட்டளை பெட்டியோடு வருகிறது, பதிவேடு பெட்டியோடு வருவதில்லை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69-ஆம் பிரிவு இடைமறித்துக் கேட்கும் அதிகாரத்தை அரசுக்கும் அரசு அதிகாரம் அளித்தவர்களுக்கும்தான் தருகிறது. கல்லூரியின் சிஸ்டம் அட்மினுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பழுது பார்க்கத்தானே எடுத்தேன் என்று வாயால் சொல்வதைவிட, யார் கேட்டார்கள், எந்தப் போர்ட், எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது, கோப்பு எங்கே, எப்போது அழித்தது என்று ஒரு டிக்கெட்டில் எழுதி மேலாளரிடம் ஒப்புதல் வாங்கி வைப்பது உங்களுக்கே பாதுகாப்பு.

தொழில்நுட்ப அளவிலும் செய்யலாம். சிஸ்கோவில் 'ஆர்கைவ்' பகுதிக்குள் கான்ஃபிக் மாற்றங்களைப் பதியும் வசதி இருக்கிறது; யார் எந்தக் கட்டளையை அடித்தாலும் சிஸ்லாக் சர்வருக்கு ஒரு வரி போய்விடும். டக்காக்ஸ் பிளஸ் வைத்திருப்பவர்கள் கட்டளைக் கணக்கை அங்கேயே வைக்கலாம். ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் இவை எதுவும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் 'நோ மானிட்டர் செஷன் 1' என்று இரண்டு பக்கமும் அடியுங்கள், டிரங்க்கிலிருந்து 901-ஐ எடுங்கள், சேமியுங்கள். சேமிக்கப்பட்ட செஷன் ஸ்விட்ச் எத்தனை முறை அணைந்து எழுந்தாலும் கூடவே எழும். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் ஏதோ ஒரு சுவர்ப் பாயிண்ட்டில் நிதிப் பிரிவின் நகல் கொட்டிக்கொண்டிருக்கும். அங்கே யார் வேண்டுமானாலும் லேப்டாப்பை மாட்டலாம். மாதம் ஒருமுறை எல்லா ஸ்விட்ச்களின் கான்ஃபிக்கிலும் 'மானிட்டர் செஷன்' என்ற சொல்லைத் தேட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. முதல் முறை ஓட்டும்போது எத்தனை அகப்படுகின்றன என்று பாருங்கள்.

வேறு ஊரிலிருந்து நகல் வேண்டும், இடையில் ரௌட்டர் இருக்கிறது என்றால் ஆர்ஸ்பான் போகாது. அதற்கு இ-ஆர்ஸ்பான் இருக்கிறது: ஃபிரேமை ஜிஆர்இ உறைக்குள் போட்டு ஐபி பாக்கெட்டாக அனுப்பும். உறை 50 பைட் சேர்ப்பதால் வழியில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமேசான் கிளவுடில் 2019 முதல் இதே வேலையை விஎக்ஸ்லான் உறையில் செய்கிறார்கள். அங்கே ஸ்விட்ச்சைக் கண்ணால் பார்க்கவே முடியாது. அதைத் தனியாக ஒரு நாள் பேசலாம்.

மேடைக்குக் கீழே அந்த மேசையில் இரண்டு 3560 ஸ்விட்ச்சும் மூன்று லேப்டாப்பும் வைத்திருக்கிறார்கள், நடுவில் டிரங்க் கேபிள் மாட்டித் தயாராக இருக்கிறது. அடிப்பதற்கு ஒரு மாணவர் வரட்டும், பக்கத்தில் நின்று 'ஆட்' இருக்கிறதா என்று பார்க்க அனுபவமுள்ள ஒருவர் வரட்டும். மற்றவர்கள் கேள்விகளை அதற்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.